முதுகுவலிக்கு உடனே எம்.ஆர்.ஐ. எடுத்தே ஆகணுமா?

"எல்4-எல்5 டிஸ்க் பல்ஜ்." எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டில் இந்த வரியைப் பார்த்ததும் முப்பது வயதுக்காரருக்கும் வயிற்றைக் கலக்கும். டாக்டரைப் பார்ப்பதற்குள் ரிப்போர்ட் வாட்ஸ்அப்பில் வந்துவிடுகிறது. கூகுளில் தேடினால் அது ஆபரேஷனில் போய் நிற்கிறது. அதன்பின் குனியப் பயம், பைக் ஓட்டப் பயம், ஜிம்முக்குப் போகப் பயம்.

உண்மையில் அந்த வரி நோயின் பெயரே அல்ல. படத்தில் தெரிந்ததைப் பற்றிய குறிப்பு, அவ்வளவுதான். வலிக்குக் காரணம் அதுதானா என்பதைப் படம் மட்டும் சொல்லிவிடாது. ஆளைத் தொட்டுப் பரிசோதித்த டாக்டர்தான் சொல்ல முடியும்.

எதில் என்ன தெரியும்?

எக்ஸ்ரே எலும்பைக் காட்டும். முறிவு, முதுகெலும்பின் வளைவு, ஒரு முள்ளெலும்பு இன்னொன்றின் மேல் நழுவியிருப்பது ஆகியவை தெரியும். டிஸ்க்கும் நரம்பும் தெரியாது. சி.டி. ஸ்கேனும் எக்ஸ்ரே கதிரைத்தான் பயன்படுத்துகிறது. ஆனால் எலும்பைக் குறுக்குவெட்டாக, நுணுக்கமாகக் காட்டும். விபத்தில் அடிபட்டவர்களுக்கு இது பெரிய உதவி. எம்.ஆர்.ஐ.யில் அந்தக் கதிர்வீச்சு கிடையாது; காந்தப்புலமும் ரேடியோ அலையும்தான். டிஸ்க், நரம்பு, தண்டுவடம், கிருமித்தொற்று, கட்டி எல்லாம் இதில்தான் தெளிவாகத் தெரியும்.

அப்படியென்றால் நேராக எம்.ஆர்.ஐ.க்கே போய்விடலாமே? அங்கேதான் சிக்கல். வலிக்குச் சம்பந்தமே இல்லாத மாற்றங்களையும் அது காட்டிவிடும்.

வலி இல்லாதவர்களுக்கும் 'பல்ஜ்'

முதுகுவலியே இல்லாத 98 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 1994-ல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் வெளியானது. அவர்களில் 52 சதவீதம் பேருக்கு ஒரு டிஸ்க்காவது பிதுங்கியிருந்தது. வலி இல்லாத 3,110 பேரின் ஸ்கேன்களைத் தொகுத்த 2015-ம் ஆண்டு ஆய்வில், 20 வயதினரிலேயே 37 சதவீதம் பேருக்கு டிஸ்க் தேய்மானம் இருந்தது. 80 வயதில் அது 96 சதவீதம். தலையில் நரை விழுவதுபோல இதுவும் வயதின் அடையாளம்தான். பிதுங்கி வெளியே வந்த டிஸ்க்கூட பலருக்குச் சில மாதங்களில் தானாகவே சுருங்கிவிடுகிறது.

அமெரிக்காவில் முதுகுவலிக்காரர்கள் 380 பேரில் பாதிப்பேருக்கு எக்ஸ்ரே, மீதிப்பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்து ஒப்பிட்டார்கள். 2003-ல் வெளியான முடிவு: ஓராண்டு கழித்து இரு தரப்பினரின் நிலையும் ஏறக்குறைய ஒன்றுதான். பிரிட்டனின் 'நைஸ்' அமைப்பும் சாதாரண இடுப்புவலிக்கு வழக்கமாக ஸ்கேன் எழுத வேண்டாம் என்றே வழிகாட்டுகிறது.

எப்போது தள்ளிப்போடக் கூடாது?

சிறுநீரோ மலமோ கட்டுப்பாடில்லாமல் போவது, சிறுநீர் வராமல் அடைத்துக்கொள்வது, பிறப்புறுப்பைச் சுற்றி மரத்துப்போவது, கால் பலவீனம் நாளுக்கு நாள் கூடுவது... இவற்றில் எது வந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். முதுகுவலியோடு காய்ச்சல், காரணமில்லாத எடைக் குறைவு, முன்பு புற்றுநோய் இருந்தது, பலமான அடி, நீண்டநாள் ஸ்டீராய்டு மாத்திரை என்றாலும் தாமதம் கூடாது. முதுகெலும்புக் காசநோய் இன்னும் காணப்படும் நம் நாட்டில், விடாத வலியும் இரவு வியர்வையும் சேர்ந்து வந்தால் அலட்சியம் ஆபத்து. ஆறு வாரச் சிகிச்சைக்குப் பிறகும் காலில் இறங்கும் வலி குறையாமல், ஊசியோ ஆபரேஷனோ தேவையா என்று யோசிக்கும் கட்டத்திலும் எம்.ஆர்.ஐ. அவசியம்.

மற்றவர்களுக்கு முதலில் தேவை முழுமையான பரிசோதனை. காலை நீட்டித் தூக்கும்போது வலி இறங்குகிறதா, கட்டைவிரலில் பலம் இருக்கிறதா, எந்த இடம் மரத்திருக்கிறது என்று பார்க்க ஐந்து, பத்து நிமிடம் போதும். இடதுபக்க நரம்பு அழுந்துகிறது என்று ரிப்போர்ட் சொல்லி, வலியோ வலது காலில் இருந்தால், அந்த வரிக்காக ஆபரேஷன் செய்வதில் அர்த்தமில்லை.

தப்பு ஒரு பக்கம் மட்டும் இல்லை. ஆளைத் தொடாமலே ஸ்கேன் எழுதும் டாக்டர்களும் உண்டு. ஸ்கேன் எழுதாவிட்டால் "சரியாவே பார்க்கலை" என்று வேறு டாக்டரைத் தேடும் நோயாளிகளும் உண்டு. ரிப்போர்ட் தரும் இடங்களும் 'இந்த வயதில் இது சகஜம்' என்று ஒரு வரி சேர்த்தால் பாதிப் பயம் குறையும்.

அதுவரை, ஸ்கேன் சீட்டைக் கையில் வாங்கும்போதே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: "டாக்டர், இதில் என்ன தெரிந்தால் என் ட்ரீட்மென்ட் மாறும்?" தெளிவான பதில் கிடைத்தால் தயங்காமல் எடுக்கலாம். "சும்மா பார்த்துடலாம்" என்பதுதான் பதில் என்றால், சில வாரம் பொறுக்கலாம். படுத்தே கிடக்காமல், முடிந்த அளவு நடந்துகொண்டு.