தேன் சொல்லும் சாட்சி

தேன் நல்லதா என்று அறிய நம்மவர் ஒரு துளியைத் தண்ணீரில் விட்டுப் பார்ப்பார்கள். திரியில் தோய்த்துக் கொளுத்தியும் பார்ப்பார்கள். சீனிப்பாகு கலந்திருக்கிறதா என்று பார்க்கும் வழிகள் இவை. கிருமிநாசினி கலந்திருந்தால் கண்ணுக்கும் தெரியாது, நாவுக்கும் தெரியாது.

2017இல் 'சயன்ஸ்' சஞ்சிகையில் வெளியான ஆய்வொன்றில், உலகின் பல பாகங்களிலிருந்து பெற்ற 198 தேன் மாதிரிகள் பரிசோதிக்கப்பட்டன. அவற்றில் நூற்றுக்கு 75 வீதமானவற்றில் இமிடாகுளோபிரிட் போன்ற பூச்சிநாசினி ஒன்றாவது இருந்தது. அளவு பெரும்பாலும் மனிதருக்கென விதிக்கப்பட்ட எல்லைக்குள்தான். ஆகவே தேனைக் கண்டு பயப்பட வேண்டாம். ஆனால் தேனீ அதை எங்கிருந்து கொண்டுவந்தது? பூவிலிருந்து. அந்தப் பூவே காயாகி நமது சட்டிக்கு வருகிறது.

கற்பிட்டிக் குடாநாடு மணல் நிலம். மேலே போடுவது நிலத்தடி நீருக்கு இறங்கிவிடும். பயிர் செய்யும் இடங்களின் கிணறுகளில் உரத்தின் நைத்திரேற்று மிகுந்திருப்பதை ஆய்வுகள் நெடுங்காலமாகவே காட்டி வருகின்றன. மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் இறைக்கும் அதே நீரைத்தான் நமது பிள்ளைகளும் குடிக்கிறார்கள்.

1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு இங்கு வந்த குடும்பங்களில் பலர் பிறர் காணியில் கூலிக்கும் குத்தகைக்கும் பாடுபட்டனர். மருந்துத் தாங்கியை முதுகில் சுமப்பவர் கூலியாள். எப்போது அடிப்பது, எப்போது பறிப்பது என்று தீர்மானிப்பவர் காணிக்காரரும் கடன் கொடுத்த வியாபாரியும். நாளை லொறி வருகிறதென்றால், நேற்று மருந்தடித்த காயும் பறிக்கப்படுகிறது. பழியைக் கூலியாள்மீது மட்டும் சுமத்துவது நியாயமல்ல.

மருந்தைக் குறைத்தால் விளைச்சல் போய்விடும் என்பார்கள். இலங்கையில் 1995இல் மொனோகுரோட்டோபொசும் 1998இல் எண்டோசல்பானும் தடைசெய்யப்பட்டன. நஞ்சால் இறப்போர் தொகை குறைந்தது, விளைச்சல் விழவில்லை.

எனவே நாம் செய்யக்கூடியவை சில. பூசணியும் வத்தகையும் பூத்திருக்கும் காலை வேளையில் மருந்தடிக்காதிருப்போம். தவிர்க்க முடியாவிட்டால், தேனீ கூட்டுக்குத் திரும்பிய பின் மாலையில் அடிப்போம். பறிக்குமுன் காத்திருக்க வேண்டிய நாட்கள் போத்தலில் எழுதப்பட்டிருக்கும். தெரியாவிட்டால் விவசாயப் போதனாசிரியரிடம் கேட்போம். அந்த நாட்களுக்கு வியாபாரியும் காத்திருக்க வேண்டும் என்று சங்கமாகக் கூடிச் சொல்வோம். தனி ஒருவர் சொன்னால் வேலை போகும். ஊரே சொன்னால் லொறி காத்திருக்கும்.

தேனீயும் நம்மைப்போல் பிறர் தோட்டத்தில் பிழைப்பதுதான். அதற்கு நஞ்சாவது நமக்கு அமுதாகாது.