மைதானத்தில் பயிற்றுவிப்பாளருக்கு மட்டுமா தொழில்?

முதலாம் தவணை வந்துவிட்டால் பாடசாலைகளில் இல்ல விளையாட்டுப் போட்டிகள் களைகட்டிவிடும். ஆனால் விளையாட்டில் ஆர்வமுள்ள பிள்ளையிடம் நாம் கேட்பது இரண்டே கேள்விகள்தான். "தேசிய அணிக்குப் போவாயா? அல்லது பயிற்றுவிப்பாளராக வருவாயா?" இரண்டும் இல்லையென்றால், "பந்தை வைத்துவிட்டுப் புத்தகத்தை எடு" என்கிறோம். வியாபாரக் கண்ணோடு பார்க்கும் எனக்கு இது நட்டக் கணக்காகவே தெரிகிறது.

ஒரு போட்டிக்கு ஆகும் செலவைப் பாருங்கள். ஷர்ட் அச்சிடுபவர், கிண்ணம் விற்பவர், கூடாரம் போடுபவர், ஒலிபெருக்கிக்காரர் எல்லோருக்கும் பணம் கொடுக்கிறோம். ஆனால் போட்டி நேர்மையாகவும் பாதுகாப்பாகவும் நடக்கத் தேவையான வேலைகளை மட்டும் யாராவது இலவசமாகச் செய்து தரட்டும் என்று எதிர்பார்க்கிறோம்.

மைதானத்தில் கோடு போடுவதையே எடுத்துக்கொள்வோம். 400 மீற்றர் தரநிலை ஓடுபாதையில் ஒவ்வொரு பாதையும் 1.22 மீற்றர் அகலம். ஒரு சுற்று ஓட்டத்தில் இரண்டாவது பாதையில் ஓடுபவர் முதலாம் பாதைக்காரரை விட 7.04 மீற்றர் முன்னால் நிற்க வேண்டும். இதில் ஒரு மீற்றர் பிசகினால், வென்றவர் தோற்றவராகிவிடுவார். இதைச் சரியாக அளக்கத் தெரிந்தவருக்குக் கூலி கொடுப்பதில் என்ன தவறு?

நடுவர் தொழிலும் அப்படித்தான். குமார் தர்மசேன 1996 உலகக் கிண்ண இறுதிப் போட்டியில் வீரராக ஆடினார். 2015, 2019 இறுதிப் போட்டிகளில் அவர் நடுவராக நின்றார். எல்லோரும் அந்த உயரத்தை எட்ட மாட்டார்கள். ஆனால் விதிகளைப் படித்து, பரீட்சை எழுதி, பாடசாலைப் போட்டிகளில் அனுபவம் பெற்று மேலே செல்லும் வழி இருக்கிறது.

காயமடைந்த மாணவனைத் தூக்கி, தண்ணீர் தெளித்து மீண்டும் ஆட அனுப்பும் காட்சியை நானே பல தடவை பார்த்திருக்கிறேன். தலையில் அடிபட்டவனை அப்படி அனுப்புவது உயிருக்கே ஆபத்து. கொழும்பு, பேராதனைப் பல்கலைக்கழகங்களில் இயன்மருத்துவப் பட்டப்படிப்பு உண்டு. சப்ரகமுவ பல்கலைக்கழகத்தில் விளையாட்டு விஞ்ஞானம் கற்கலாம். உயிரியல் பிரிவில் படிக்கும் பிள்ளைக்கு வைத்தியத் துறை கிடைக்காவிட்டால் எல்லாம் முடிந்தது என்று அழும் பெற்றோர் இவற்றையும் விசாரித்துப் பார்க்கலாமே.

பாடசாலை றக்பி, கிரிக்கெட் போட்டிகள் இன்று இணையத்தில் நேரடியாக ஒளிபரப்பாகின்றன. அதற்குக் கமெராக்காரர், வர்ணனையாளர், புள்ளிக் குறிப்பாளர், அனுசரணை பேசித் தருபவர் எனப் பலர் தேவை. தமிழில் செய்தி எழுதுபவருக்கும் இடமுண்டு.

இவற்றில் பல ஆரம்பத்தில் முழுநேரச் சம்பளம் தராது என்பது உண்மைதான். போட்டிக் காலம் முடிந்தால் வருமானமும் குறையும். எனவே உயர்தரம் எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருக்கும் மாதங்களில் இதைப் பகுதிநேரமாகத் தொடங்குவதே புத்திசாலித்தனம்.

பழைய மாணவர் சங்கங்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த வருடப் போட்டிக்கு வரவு செலவுத் திட்டம் தயாரிக்கும்போது, கிண்ணங்களுக்கு ஒதுக்கும் தொகையில் ஒரு பங்கை நடுவருக்கும், முதலுதவியாளருக்கும், மைதானம் அளப்பவருக்கும் ஒதுக்குங்கள். கொடுப்பனவு இருந்தால்தான் அது தொழிலாகும். தொழிலானால்தான் திறமையான பிள்ளைகள் அதைத் தேடி வருவார்கள்.