இரண்டாவது பால்குடி மறப்பு

ஜூன் மாதம் பிறந்து பள்ளிக்கூடங்கள் திறந்துவிட்டால், மதுரை மாநகரின் காஜிமார் தெரு, நெல்பேட்டை, கோரிப்பாளையம், மகபூப்பாளையம் ஆகிய பகுதிகளிலும், மேலூர், திருமங்கலம், சோழவந்தான் போன்ற சுற்றுப்புற ஊர்களிலும் ஒரே விதமான காட்சியைக் காண்கிறோம். மூன்று, நான்கு வயதே நிரம்பிய சின்னஞ்சிறார்கள் புதுச் சட்டை அணிந்து, முதுகில் பை சுமந்து, பாலர் பள்ளியின் வாயிலில் நின்று கதறுகின்றனர். "மிட்டாய் வாங்கி வருகிறேன்" என்று கூறிவிட்டுத் தாய் மறைந்துவிடுகிறாள். "அழுதால் அழட்டும், நான்கு நாளில் தானே பழகிவிடும்" என்று பெரியவர்கள் சொல்கின்றனர். இது அற்பமான விஷயமாகத் தோன்றலாம். ஆனால் நம் மார்க்கம் இதனை அற்பமாகக் கருதவில்லை.

குழந்தை தாயை விட்டுப் பிரியும் முதல் பிரிவு பால்குடி மறப்பதாகும். திருமறையின் அல்பகரா அத்தியாயம் 233-ஆம் வசனம் இதற்கெனச் சட்டமே வகுத்திருக்கிறது. பாலூட்டலை நிறைவு செய்ய விரும்புவோருக்கு இரண்டு ஆண்டுகள் எனக் காலம் குறித்த இறைவன், அதற்கு முன்னரே நிறுத்த நாடினால், தாயும் தந்தையும் மனமொப்பிக் கலந்தாலோசித்துச் செய்வதில் குற்றமில்லை என்று அனுமதிக்கிறான். மார்பை விட்டுப் பிரிப்பதற்கே இருவரின் இசைவும் ஆலோசனையும் வேண்டுமென்றால், வீட்டை விட்டுப் பிரித்து முன்பின் அறியாதவர் நடுவே அமர்த்துவதற்கு அவை எத்துணை அவசியம்! பாலர் பள்ளியில் சேர்ப்பது, இரண்டாவது பால்குடி மறப்பேயன்றோ?

நம் வீடுகளில் நடப்பதென்ன? எந்தப் பள்ளிக்கூடம், எவ்வளவு கட்டணம், எந்த வேன் என்றெல்லாம் ஆலோசிக்கிறோம். பிள்ளையின் மனம் அதற்கு ஆயத்தமாக இருக்கிறதா என்று மட்டும் பேசுவதில்லை. கடல் கடந்து பணிபுரியும் அத்தாமார்கள் பணம் அனுப்பியதோடு தம் கடமை முடிந்ததென எண்ணிவிடுகின்றனர். ஆலோசனையில் தந்தைக்கும் பங்குண்டு என்பதை மேற்கண்ட வசனம் தெளிவாக உணர்த்துகிறது.

பிரிவின் வேதனை பிள்ளைக்கு மட்டும் உரியதன்று. நபி மூஸா (அலை) அவர்களை ஆற்றில் விட்ட அன்னையாரின் உள்ளம் வெறுமையாகிப் போனதையும், இறைவன் அவ்வுள்ளத்தை உறுதிப்படுத்தியதையும், அவர்கள் தம் மகளை அனுப்பித் தொலைவிலிருந்தே பிள்ளையைக் கவனிக்கச் செய்ததையும் அல்கஸஸ் அத்தியாயம் எடுத்துரைக்கிறது. ஆகவே முதல் நாளன்று கண் கலங்கும் தாயைப் பார்த்து, "இதற்கெல்லாமா அழுவது?" என்று ஏளனம் செய்வது முறையன்று. அவளுக்கும் ஆறுதல் தேவை.

இனி, அந்த மிட்டாய்ப் பொய்யைப் பார்ப்போம். அப்துல்லாஹ் இப்னு ஆமிர் (ரலி) அவர்கள் சிறுவராக இருந்தபோது, ஏதோ தருவதாகக் கூறி அவரை அவருடைய தாயார் அழைத்தார்கள். அங்கு அமர்ந்திருந்த அண்ணல் நபி (ஸல்) அவர்கள், என்ன தர நினைத்தீர் என்று வினவினார்கள். பேரீச்சம்பழம் என்று விடை வந்தது. எதுவும் தராதிருந்தால் அது ஒரு பொய்யாகப் பதிவு செய்யப்பட்டிருக்கும் என்று நபியவர்கள் எச்சரித்ததை அபூதாவூத் நூலில் காண்கிறோம். குழந்தையிடம் சொல்லும் பொய்யும் பொய்யே. அதிலும், வாழ்வில் முதன்முதலாக வீட்டை விட்டு வெளியே அடியெடுத்து வைக்கும் நாளில் தாயின் சொல்லே பொய்த்துவிட்டால், அப்பிள்ளை வேறு எவர் சொல்லை நம்பும்? நான்கு நாளில் அழுகை நிற்கலாம். அழுகை நின்றதெல்லாம் அமைதியாகிவிடாது. அழுதும் பயனில்லை என்று அறிந்தும் பிள்ளை வாய் மூடலாம்.

அதற்காக, அழுகிறதே என்று பிள்ளையை வீட்டிலேயே வைத்துக் கொள்வதும் இரக்கமாகாது. உண்மையைச் சொல்லிப் பிரிவதே வழி. ஸலாம் சந்திப்புக்கு மட்டும் உரியதன்று. விடைபெறும்போதும் அதனைக் கூறுவது நபிவழி. சிறுவர்களைக் கடந்து செல்லும்போது பெருமானார் (ஸல்) அவர்கள் அவர்களுக்கு ஸலாம் உரைத்ததை அனஸ் (ரலி) அறிவித்திருக்கிறார்கள். ஆகவே பிள்ளையின் முகம் நோக்கி ஸலாம் சொல்லி, "நீ சோறு தின்று முடித்ததும் அம்மா வருவேன்" என்று அதற்குப் புரியும் வகையில் காலம் குறித்து, உடனே திரும்பிவிட வேண்டும். சொன்ன நேரத்தில் அங்கே நிற்கவும் வேண்டும்.

பாலர் பள்ளி என்ற ஏற்பாட்டின் நோக்கத்தையும் நாம் அறிந்திருத்தல் நலம். 1837-இல் ஜெர்மனியில் ஃப்ரோபெல் என்பவர் தொடங்கி, 1840-இல் கிண்டர்கார்ட்டன் எனப் பெயர் சூட்டினார். குழந்தைகளின் தோட்டம் என்பது அதன் பொருள். நம் நாட்டில் 1975-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டம், அங்கன்வாடிகளில் சத்துணவோடு முன்பருவக் கல்வியையும் வைத்தது. 2019-இல் தமிழக அரசு, நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இயங்கும் 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகளைத் தொடங்கியது. இவ்வயதில் விளையாட்டே கல்வி என்பதுதான் இவற்றின் அடிப்படை. பாடம் முடித்த சிறுவனை விளையாட விடாது தடுத்தால் அவன் உள்ளம் மடிந்துவிடும் என்ற கருத்தை, ஹிஜ்ரி 505-இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் அன்றே எழுதிவிட்டார்கள்.

தொழுகையைக்கூட ஏழு வயதில்தான் ஏவுமாறு மார்க்கம் பணித்துள்ளது. அவ்வாறிருக்க, மூன்றரை வயதுப் பிள்ளையை ஓர் அறையில் நிறுத்தி நிறமும் எண்ணும் கேட்டுத் தேர்வு வைப்பதை என்னவென்பது? ஆறு முதல் பதினான்கு வயது வரையுள்ளோரைத் தேர்வு வைத்துச் சேர்ப்பதையும், அடிப்பதையும் 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்விச் சட்டம் தடுத்திருக்கிறது. ஆறு வயதுக்கு ஆகாதது மூன்று வயதுக்கு ஆகுமா? சிறுபான்மையினர் பள்ளிகளுக்கு அச்சட்டம் பொருந்தாது என 2014-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அது நமக்குக் கிடைத்த சலுகை என்று எண்ண வேண்டாம். சட்டம் கட்டாயப்படுத்தாத இடத்திலும் இரக்கம் காட்டுவதே முஸ்லிமின் அடையாளம்.

பெற்றோர் செய்யத்தக்கவை சில உண்டு. பள்ளிக்கூடம் திறப்பதற்கு முன்பே ஓரிரு முறை பிள்ளையை அழைத்துச் சென்று இடத்தையும் ஆசிரியையையும் காட்டுங்கள். "சேட்டை செய்தால் டீச்சரிடம் சொல்லி அடிக்கச் சொல்வேன்" என்று அச்சுறுத்தாதீர்கள். வீட்டில் உருது பேசும் பிள்ளையாயின், தண்ணீர் கேட்கவும் சிறுநீர் கழிக்கச் சொல்லவும் வேண்டிய சொற்களைத் தமிழில் பழக்குங்கள். நான்கு வயது, நான்கு மாதம், நான்கு நாளில் பிஸ்மில்லாஹ் ஓத வைக்கும் வழக்கம் சில குடும்பங்களில் உண்டு. அது வழக்கமேயன்றி மார்க்கக் கட்டளையன்று. பாலர் பள்ளியும் மக்தபும் ஒரே வாரத்தில் தொடங்கினால் பிஞ்சு தாங்காது. ஒன்று பழகிய பின் மற்றதைத் தொடங்குங்கள்.

நம் சமுதாயத்தார் நடத்தும் பள்ளிகளின் நிர்வாகிகளுக்கும் ஜமாஅத்தார்க்கும் ஒரு வேண்டுகோள். முதல் வாரம் மட்டுமாவது தாயோ பாட்டியோ வகுப்பின் ஓரத்தில் அமர இடம் கொடுங்கள். முதல் சில நாள்கள் ஓரிரு மணி நேரத்தோடு பிள்ளைகளை அனுப்பிவிட்டுச் சிறிது சிறிதாக நேரத்தைக் கூட்டுங்கள். திருமறையே ஒரே நாளில் அருளப்பெறாமல், இருபத்து மூன்று ஆண்டுகளில் சிறுகச் சிறுக அருளப்பெற்றதன்றோ!

ஒரு குழந்தையின் அழுகுரல் கேட்டு, அதன் தாயின் தவிப்பை எண்ணித் தம் தொழுகையையே சுருக்கிக் கொண்டவர்கள் நம் பெருமானார் (ஸல்) அவர்கள். அவர்களுடைய உம்மத்தினராகிய நாம், அக்குரலுக்காக நம் அவசரத்தைச் சற்றே சுருக்கிக் கொள்ளலாகாதா? நம் மக்களைக் கண்குளிர்ச்சியாக ஆக்கி, அவர்களிடம் மென்மையாக நடக்கும் நற்பேற்றை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் நல்குவானாக! ஆமீன்.