அந்தப் 13-இல் சேரிப் பிள்ளை எத்தனை?

“வண்டியிலயே மூச்சு நின்னுடுச்சுண்ணா.”

திருப்பாச்சூர் பக்கம் செங்கல் சூளையில் கல் அறுக்கும் தங்கச்சி ஒருத்தி சொன்னது இவ்வளவுதான். ஏழாம் மாசத்தில் பிறந்த பிள்ளை. முதலில் தூக்கிப்போன இடத்தில் ‘மெஷின் இல்ல, எக்மோர் போங்க’ என்று கைவிரித்தார்கள். எக்மோருக்கு ஏறக்குறைய 50 கிலோமீட்டர். பிள்ளை பாதி வழிகூடத் தாண்டவில்லை. மூன்றாம் நாள் சூளையிலிருந்து ஆள் வந்தான்: ‘எப்ப வேலைக்கு வர்றே?’

இதை விதி என்கிறார்கள். விதி என்று சொல்லியே நம்மைப் புதைத்தவர்கள் இதையும் அப்படித்தான் சொல்வார்கள். நாம் விஞ்ஞானம் பேசுவோம் தோழர்களே.

குறைமாதப் பிள்ளையின் நுரையீரலில், காற்றுப்பைகள் ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் படலம் போதுமான அளவு சுரந்திருக்காது. ஒவ்வொரு மூச்சும் ஒரு போராட்டம். 1963-இல் அமெரிக்க சனாதிபதி கென்னடியின் மகன் ஐந்தரை வாரம் முன்னதாகப் பிறந்து, இந்த நோயால் 39 மணி நேரத்தில் செத்துப்போனான். ஒரு வெள்ளை மாளிகைப் பிள்ளை செத்ததும் உலகத்தின் கவனம் சிசுவின் நுரையீரல் பக்கம் திரும்பியது. சேரியிலும் சூளையிலும் எத்தனை தலைமுறையாகச் செத்தோம்? யார் திரும்பிப் பார்த்தார்கள்?

பிறகு கருவிகள் வந்தன. சாதாரண வென்டிலேட்டர் காற்றை அழுத்தித் தள்ளும். அந்த அழுத்தமே பிஞ்சு நுரையீரலைக் கிழித்துவிடலாம். அதற்கு மாற்றாக வந்ததுதான் உயர் அதிர்வு வென்டிலேட்டர். பச்சைப்பிள்ளை நிமிடத்துக்கு 40 முதல் 60 முறை மூச்சு விடும். இந்தக் கருவி நிமிடத்துக்கு 600 முதல் 900 முறை மிகச் சிறிய அதிர்வுகளாகக் காற்றை அசைக்கிறது. காற்றுப்பைகள் மூடாமல் திறந்தே இருக்கின்றன.

ஆனால் இது மந்திரக்கோல் இல்லை. 1989-இல் வெளியான பெரிய அமெரிக்க ஆய்வில் சாதாரணக் கருவியைவிட இது மேலானதாகத் தெரியவில்லை. மூளையில் இரத்தக்கசிவு அதிகமாகவே இருந்தது. அதற்குப் பின் கருவியும் கையாளும் முறையும் தேறின. இன்று, சாதாரண வென்டிலேட்டர் கைவிடும் பிள்ளைகளுக்கு இதைக் கடைசி ஆயுதமாக எடுக்கிறார்கள். தனியார்காரன் இதைக் காட்டிக் காசு பறித்தால் ஏமாறக் கூடாது. ‘ஏழைக்கு எதுக்கு இவ்ளோ பெரிய மெஷின்’ என்று எவனாவது சொன்னால் அதையும் விடக்கூடாது. கடைசி ஆயுதம் நம் பிள்ளைக்கும் வேண்டும்.

முதல் ஆயுதமும் வேண்டும். பிரசவத்துக்கு முன்பே தாய்க்குப் போடும் ஸ்டீராய்டு ஊசி பிள்ளையின் நுரையீரலை முதிரச் செய்கிறது என்று 1972-இலேயே நியூசிலாந்தில் நிரூபித்தார்கள். மலிவான ஊசி. குறைமாத வலி வந்தவளைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புமுன் கிராம சுகாதார செவிலியரே முதல் ஊசியைப் போடலாம் என்று 2014-இல் இந்திய அரசு வழிகாட்டுதல் கொடுத்தது. சூளையில் வலி எடுத்த எத்தனை பேருக்கு அந்த ஊசி கிடைத்தது? கேளுங்கள்.

கருவி வாங்கிப் போட்டால் மட்டும் போதுமா? 2017 ஆகஸ்டில் கோரக்பூரில், ஆக்சிஜன் கம்பெனிக்குப் பாக்கி வைத்த அரசு மருத்துவமனையில் சப்ளை நின்றது. சில நாட்களில் 60-க்கும் மேற்பட்ட குழந்தைகள் செத்தன. 2021-இல் பண்டாராவிலும் 2024-இல் ஜான்சியிலும் சிசுப் பிரிவுகளே தீப்பிடித்தன. இரண்டு இடத்திலும் அந்தந்த இரவே பத்துப் பத்துப் பச்சைப்பிள்ளைகள் போயின. இரவு முழுக்கக் கண்விழிக்கும் பயிற்சி பெற்ற செவிலியர், தடையில்லா மின்சாரம், ஆக்சிஜன், பராமரிப்பு இவை இல்லாத கருவி வெறும் திறப்புவிழாச் சாமான்.

தமிழ்நாடு பெருமைப்படுகிறது. 2020 கணக்கில் ஆயிரம் பிறப்புக்கு இந்தியாவில் 28 சிசுக்கள் சாக, இங்கே 13. நல்லது. அந்தப் 13-இல் சேரி எத்தனை, இருளர் குடிசை எத்தனை? அந்தக் கணக்கு சாதிவாரியாகப் பிரித்துச் சொல்வதில்லை. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு பிரித்துச் சொன்னது: நாடு முழுக்க 35, தலித்துகளில் சுமார் 41. சாதி பிரசவ அறைக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு நிற்பதில்லை.

அண்ணல் அம்பேத்கரும் ரமாபாயும் ஐந்து பிள்ளைகளில் நான்கைப் பறிகொடுத்தவர்கள். 1926-இல் ராஜரத்னா போனான். இரண்டே வருடத்தில், 1928-இல், பம்பாய் சட்டமன்றத்தில் மகப்பேறு சலுகை மசோதாவை ஆதரித்துப் பேசினார் அண்ணல். பிரசவத்துக்கு முன்னும் பின்னும் தாய்க்கு ஓய்வு தருவது நாட்டின் நலன் என்றார். 2017-இல் மகப்பேறு விடுப்பு 26 வாரமாக உயர்ந்தது. நம் தங்கச்சிக்குக் கிடைத்தது மூன்று நாள்.

திருவள்ளூரில் 2022-இல் அரசு மருத்துவக் கல்லூரி திறந்தார்கள். மாணவத் தோழர்களே, அங்கே போய்க் கேளுங்கள்: எத்தனை வென்டிலேட்டர், ஓடுவது எத்தனை, இரவில் ஒரு செவிலியருக்கு எத்தனை பிள்ளை, எக்மோருக்கு அனுப்பியதில் வழியில் இறந்தது எத்தனை? சாதிவாரியாகக் கேளுங்கள். எழுத்தில் கேளுங்கள். பதில் வரும்வரை அந்த வாசலை விட்டு நகராதீர்கள்.

கும்மிடிப்பூண்டி ஆலைகளுக்கும் இந்தச் சூளைகளுக்கும் நம் மூச்சை விற்றுத்தான் வாழ்கிறோம். நம் பிள்ளைகளின் மூச்சைப் பிச்சையாகக் கேட்க முடியாது.