பன்றிக்குக் கட்டிய கம்பியில் மனித உயிர் போனால்...

கேள்வி: கடலைக்காட்டில் பன்றித் தொல்லை தாங்காமல் என் கணவர் கம்பி கட்டி, மோட்டார் ரூமிலிருந்து இரவில் கரண்ட் கொடுத்தார். விடியற்காலை தண்ணீர் பாய்ச்சப் போன பக்கத்துத் தோட்டத்துக்காரர் அதில் பட்டு இறந்துவிட்டார். என் கணவர் இப்போது சிறையில் இருக்கிறார். இது கொலை வழக்கா? இறந்தவர் வீட்டுக்குப் பணம் கொடுத்துப் பேசி முடிக்கலாம் என்று ஊரில் சொல்கிறார்கள். வக்கீல் வைக்க வசதி இல்லை.
- ஈரோடு மாவட்ட வாசகி

பதில்: சகோதரி, நான் வேளாண்மை படித்தவன், வழக்கறிஞன் அல்ல. ஆனாலும் இதே கேள்வியோடு அலுவலகத்துக்கு வருபவர்களைப் பல ஆண்டுகளாகப் பார்த்து வருவதால், தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் எப்.ஐ.ஆர். நகலை வாங்கி, எந்தப் பிரிவு என்று பாருங்கள். 2024 ஜூலை 1 முதல் பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறையில் உள்ளது. அதில் 106(1) என்பது கவனக்குறைவால் மரணம். அதிகபட்சம் 5 ஆண்டு சிறை; ஜாமீன் உரிமையாகக் கிடைக்கும். 105 என்பது கொலையாகாத மரணம் விளைவித்த குற்றம். கொல்லும் எண்ணம் இல்லாவிட்டாலும், உயிர் போகக்கூடும் என்று தெரிந்தே செய்திருந்தால் 10 ஆண்டு வரை சிறை. இதற்கு ஜாமீனை நீதிமன்றத்தில்தான் கேட்க வேண்டும்.

"மனிதரைக் கொல்ல நினைக்கவில்லையே" என்பது உண்மைதான். ஆனால் ஆள் நடமாடும் இடத்தில், வெறும் கம்பியில் 230 வோல்ட் கொடுத்தால் உயிர் போகும் என்பது எவருக்கும் தெரியும் என்றே அரசுத் தரப்பு வாதிடும். எனவேதான் இத்தகைய வழக்குகளில் 105 போடுகிறார்கள். கம்பி எங்கே இருந்தது, இணைப்பு யார் பெயரில், யார் கொடுத்தது என்பதையெல்லாம் வைத்துத்தான் வக்கீல் வாதாட முடியும். அவரிடம் எதையும் மறைக்காதீர்கள். கம்பியை எடுத்து ஒளிப்பது, சாட்சிகளிடம் பேசிப் பார்ப்பது எல்லாம் புதிய வழக்கில்தான் கொண்டுபோய் விடும்.

பணம் கொடுத்தால் வழக்கு முடியாது. 105 இரு தரப்பும் பேசி முடித்துக்கொள்ளும் குற்றம் அல்ல. அந்தக் குடும்பத்துக்கு உதவுவது மனிதத்தன்மை. அதை வழக்குக்கு விலையாக்காதீர்கள். புகாரை வாபஸ் வாங்கச் சொல்லி ஆள் அனுப்பவும் வேண்டாம்.

வக்கீல் விஷயத்தில் கவலை வேண்டாம். 1987-ஆம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி, காவலில் உள்ளவருக்கு வருமான வரம்பு பாராமல் இலவச வக்கீல் உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுங்கள். தாலுகா நீதிமன்றத்திலும் வட்டக் குழு இருக்கிறது. சிறையிலிருந்தே உங்கள் கணவரும் மனு கொடுக்கலாம். 15100 என்ற எண்ணில் விவரம் கேட்கலாம். ஆதார் நகல், எப்.ஐ.ஆர். நகல், சிட்டா, மின் இணைப்பு அட்டை ஆகியவற்றைக் கையோடு கொண்டுபோங்கள். பெண்களுக்கும் வருமான வரம்பு இல்லாததால், இறந்தவரின் மனைவிக்கும் இதே உதவி உண்டு. இழப்பீடு கேட்டும் அவர் அங்கே மனு செய்யலாம்.

மற்ற வாசகர்களுக்கு: இன்றே போய்ப் பாருங்கள், உங்கள் காட்டில் இப்படிக் கம்பி இருந்தால் மெயினை நிறுத்திவிட்டுக் கழற்றிவிடுங்கள். விவசாய இணைப்பிலிருந்து வேலிக்குக் கரண்ட் எடுத்தால், யாரும் சாகாவிட்டாலும் 2003 மின்சாரச் சட்டத்தின் 135-ஆம் பிரிவில் வழக்கு வரலாம். பன்றி மேய்ந்த பயிருக்கு வனச்சரக அலுவலகத்தில் இழப்பீடு கேட்டு மனு கொடுங்கள். வேலி வேண்டுமென்றால் வனத்துறையில் விதிமுறை கேட்டு, அனுமதியோடு, விட்டுவிட்டு அதிர்வு தரும் தரமான சூரிய மின்வேலி அமையுங்கள். அது விலங்கை விரட்டும், கொல்லாது. போன கடலையை அடுத்த பட்டத்தில் எடுத்துவிடலாம்.