சக்தி மில் வழக்கு: ஏழைப் பெண் வாய் திறக்காதது ஏன்?

மும்பை மகாலட்சுமியில் மூடிக் கிடந்த சக்தி மில்லில், 2013 ஆகஸ்டு 22-ந் தேதி பத்திரிகைப் புகைப்படப் பெண் ஒருவர் கும்பலால் பலாத்காரம் செய்யப்பட்டார். நகரமே கொதித்தது. பாராளுமன்றத்திலும் கண்டனம் எழுந்தது. சில நாட்களில் குற்றவாளிகள் பிடிபட்டனர்.

அதன் பிறகே இன்னொரு பெண் வாய் திறந்தார். டெலிபோன் ஆபரேட்டர். ஜூலை 31-ந் தேதி அதே மில்லில் தனக்கும் அக்கொடுமை நேர்ந்ததாகப் புகார் கொடுத்தார். பிடிபட்டவர்களில் 3 பேர் அதிலும் குற்றவாளிகள்!

இடையே 22 நாட்கள். அவர் அன்றே துணிந்து போலீசுக்குப் போகும் நிலை இருந்திருந்தால், அடுத்த கொடுமை தடுக்கப்பட்டிருக்கலாம். பழி அவர் மீதல்ல. "ஏன் அங்கே போனாய்?" என்று கேட்கும் சமுதாயத்தின் மீதே.

2014-ல் அந்த 3 பேருக்கும் மரண தண்டனை விதிக்கப்பட்டது. 2021-ல் ஐகோர்ட்டு அதை ஆயுள் தண்டனையாகக் குறைத்தது.

பாண்டுப் மலைச்சரிவுக் குடிசைகளிலும் வீட்டு வேலை செய்து பிழைக்கும் பெண்கள் உண்டு. அவர்களுக்கு இது நேர்ந்தால் உடன் வருவது யார்?

எந்தப் போலீஸ் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். பதிவு செய்ய மறுக்கும் போலீசாருக்கும் சிறைத் தண்டனை உண்டு. ஆஸ்பத்திரியில் சிகிச்சை இலவசம். 1987-ம் ஆண்டுச் சட்டப்படி, பெண்ணுக்கு வருமானம் பாராமல் இலவச வக்கீல் கிடைப்பார்.

இவை அனைத்தும் ஏட்டில் உள்ளன. அவளைக் கைபிடித்துப் போலீஸ் நிலையம் வரை அழைத்துச் செல்ல அக்கம்பக்கத்தார் முன்வர வேண்டும். தமிழ் அமைப்புகளும் இதைத் தங்கள் கடமையாகக் கொள்ள வேண்டும்.