சத்தம் கேட்கிறது, பேச்சு கேட்கவில்லை



வீடு சந்திப்புக்காகச் சென்ற ஒரு மாலையில், நம் பங்கைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் தம் இல்லத்தில் புதிதாக அமைத்திருந்த ஹோம் தியேட்டரைப் பெருமையோடு நமக்கு இயக்கிக் காட்டினார். ஆறு ஸ்பீக்கர் பெட்டிகள். கூடமெங்கும் ஓடிய ஒயர்கள். மேசைமேல் மூன்று ரிமோட்டுகள். படத்தில் இடி இடித்தபோது சன்னல் கண்ணாடியும் அதிர்ந்தது. செபம் சொல்லி ஆசீர் அளிக்க வேண்டிய வேளையில் அவருடைய பாட்டியாரைக் காணவில்லை. அவர் பின்கட்டில் தனியே அமர்ந்திருந்தார். 2020ஆம் ஆண்டு ஊரடங்கில் கோவில் கதவுகள் மூடிக் கிடந்தபோது, நாள்தோறும் தொலைக்காட்சித் திருப்பலிக்கு முதல் ஆளாக வந்து அமர்ந்தவர் அவர். காரணம் கேட்டோம். “சத்தம் கேக்குது சாமி, பேச்சுத்தான் கேக்கல” என்றார்.

நோயும் அதன் காரணமும் அச்சொற்களுக்குள்ளேயே இருந்தன. முதுமையில் செவி முதலில் இழப்பது உயர்ந்த அதிர்வுள்ள ஒலிகளை. ச, ஸ, த, ப போன்ற மெய்யொலிகளின் தெளிவு அவற்றைச் சார்ந்தது. உயிரொலிகள் காதில் விழும், சொல் விளங்காது. அந்நிலையில் ஒலியளவைக் கூட்டினால் இடியும் இசையுமே பெருகும். பேச்சு அவற்றினடியில் புதைந்து போகும்.

பல திசைகளிலிருந்து ஒலியை வழங்குவது திரைப்படத்தார் கண்ட புதுமை என்று எண்ணுகிறோம். 16ஆம் நூற்றாண்டிலேயே வெனிஸ் நகரத்துப் புனித மாற்கு ஆலயத்தில் பாடகர் குழுக்களைப் பிரித்து நிறுத்தி, ஒன்றுக்கொன்று விடை கூறுவதுபோல் பாட வைத்தனர். 1527இல் அங்கு இசைத் தலைவராகப் பொறுப்பேற்ற வில்லார்ட்டும், பின்னர் வந்த காபிரியேலியும் இம்முறையில் புகழ்பெற்றவர்கள். இன்று இல்லங்களில் காணும் ஆறு பெட்டி முறை, 1992இல் ‘பேட்மேன் ரிட்டர்ன்ஸ்’ என்னும் படத்தோடு திரையரங்குகளுக்கு வந்த டால்பி டிஜிட்டல் முறையின் வழிவந்தது.

இதனை ‘ஐந்து புள்ளி ஒன்று’ என்பர். முன்னே இடம், நடு, வலம் என மூன்று, பக்கவாட்டில் சற்றே பின்னால் இரண்டு, ஆக ஐந்து. புள்ளிக்குப் பின்னுள்ள ஒன்று, ஆழ்ந்த முழக்கத்தை மட்டும் எழுப்பும் சப்வூஃபர். திரைப்படத்தில் உரையாடல் பெரும்பாலும் நடுப் பெட்டியிலேயே வரும். திரையரங்கில் அது திரைக்குப் பின்னால் இருக்கும். ஒலி வெளிவருவதற்கென்றே திரையில் நுண்துளைகள் இட்டிருப்பர். ஆகவே, பேச்சு விளங்கவில்லை என்றால் முதலில் நடுப் பெட்டியைப் பாருங்கள்.

அவ்வில்லத்தில் நடுப் பெட்டி இடமின்மையால் அலமாரியின் உட்தட்டில், புகைப்படங்களுக்குப் பின்னால் ஒதுங்கியிருந்தது. கோவில் ஒலிபெருக்கிகளோடு நெடுநாள் போராடிய பட்டறிவால், இளைஞரின் இசைவுடன் நாமும் சேர்ந்து சில மாற்றங்கள் செய்தோம். பிறருக்கும் உதவும் என்பதால் அவற்றை வரிசையாகக் கூறுகிறோம்.

முதலாவது, நடுப் பெட்டியைத் தொலைக்காட்சியின் கீழே, தட்டின் விளிம்பை ஒட்டி, அமர்பவரின் காதை நோக்குமாறு வைத்தோம். ரிசீவரில் அதன் அளவைச் சிறிது உயர்த்தினோம். ‘ஸ்டேடியம்’ என்று செயற்கை எதிரொலி சேர்க்கும் அமைப்பை நீக்கினோம். உரத்த ஒலியை அடக்கி மெல்லொலியைத் தூக்கும் ‘இரவு’ அமைப்பை இயக்கினோம்.

இரண்டாவது, பின் பெட்டிகள் இரண்டையும் அகற்றினோம். அவற்றின் ஒயர், பாட்டியார் அடுக்களைக்குச் செல்லும் வழியின் குறுக்கே கிடந்தது. முதியவர் ஒருவர் இடறி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொள்வதற்கு எந்தத் திரைப்படமும் ஈடாகாது. பின் பெட்டிகள் இல்லை என்பதை ரிசீவரில் குறித்துவிட்டால், அவற்றுக்குரிய ஒலியை அது முன் பெட்டிகளிலேயே சேர்த்து வழங்கும். குறிக்காமல் கழற்றினால் அவ்வொலிகள் அறவே கேளாமற் போகும். சுவரோரமாக ஒயரைக் கொண்டுசெல்ல முடிந்தவர்கள், பின் பெட்டிகளைக் காதின் மட்டத்திற்குச் சற்று மேலே வைத்துக்கொள்ளலாம்.

மூன்றாவது, ஒயர்களின் இரு முனைகளையும் சரிபார்த்தோம். சிவப்பு சிவப்போடும் கறுப்பு கறுப்போடும் சேர வேண்டும். ஒரு பெட்டியில் மட்டும் மாறிவிட்டால் தாழ்ந்த ஒலிகள் ஒன்றையொன்று அழித்துவிடும். ஏ.ஆர்.சி. என்று குறித்த துளைகளை ஒரே எச்.டி.எம்.ஐ. கேபிளால் இணைத்துத் தொலைக்காட்சியின் ஒலியை ரிசீவருக்குக் கொண்டுவந்தோம். தொலைக்காட்சியின் சொந்த ஸ்பீக்கரை நிறுத்தினோம். இரண்டும் ஒலித்தால் சொற்கள் இரட்டிக்கும். சப்வூஃபருக்கு இடம் தேடி அலைய வேண்டியதில்லை. ஆழ்ந்த ஒலி எத்திசையிலிருந்து வருகிறது என்று காது எளிதில் அறியாது. ஆயினும் சுவரின் மூலையில் வைத்தால் முழக்கம் மிகும், மூலையைத் தவிர்த்தோம். வெறும் தரையும் வெறும் சுவரும் எதிரொலியை வளர்ப்பதால், சன்னல்களுக்குக் கனத்த திரையும் தரைக்கு ஒரு விரிப்பும் போடச் சொன்னோம்.

இறுதியாக ரிசீவர் ஒரு கேள்வி கேட்டது: ஒவ்வொரு பெட்டியும் அமர்பவரிடமிருந்து எத்தனை அடி? ஒலி ஓர் அடி கடக்க ஏறத்தாழ ஒரு வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஆகும். அதைக் கணக்கிட்டு எல்லா ஒலியும் ஒரே கணத்தில் காதில் சேருமாறு அக்கருவி சரிசெய்துகொள்ளும். இளைஞர் வழக்கம்போல் தம் சோபாவிலிருந்து அளக்கத் தொடங்கினார். “தம்பி, பாட்டியின் நாற்காலி எங்கே?” என்று கேட்டோம். அவர் ஒரு கணம் நின்றார். பின்பு தாமே சென்று அதனைப் பின்கட்டிலிருந்து தூக்கி வந்து, தொலைக்காட்சிக்கு நேரெதிரே போட்டு, அங்கிருந்து அளந்தார்.

செய்தி வாசிப்பவரின் குரல் எழுந்தது. பாட்டியார் சிறிது நேரம் கேட்டிருந்துவிட்டு, “விலைவாசி ஏறிப்போச்சுன்னு சொல்றான்” என்றார். கூடத்தில் எல்லாரும் சிரித்தோம். பெட்டிகளை நகர்த்தியதால் செவியின் குறை நீங்கிவிடாது. ஆகவே காது மருத்துவரிடம் அவரை அழைத்துச் செல்லுமாறும் கேட்டுக்கொண்டோம்.

பிறருக்கு விளங்காத பதினாயிரம் சொற்களினும் விளங்கும் ஐந்து சொற்களையே தாம் விரும்புவதாகப் புனித பவுல் கொரிந்தியருக்கு எழுதினார். ஐந்து பெட்டி உள்ளவர்களுக்கும் ஒரே பெட்டி உள்ளவர்களுக்கும் அவ்வறிவுரை பொருந்தும். உங்கள் இல்லத்தில் மிகக் குறைவாகக் கேட்பவர் யார்? அவருடைய நாற்காலியை முதலில் போடுங்கள்; அங்கிருந்து அளக்கத் தொடங்குங்கள். மாலைச் செபமாலையில் அவருக்குக் கேட்கும்படி மன்றாட்டை நிறுத்திச் சொல்வதும் இந்த அளவையைச் சேர்ந்ததே.